கூர்ப்பும் ஈமானும்: நாம் மறந்துபோன ஓர் உலமா மரபு

கல்முனைப் பக்கம் உயர்தர உயிரியல் படித்த பிள்ளைகளிடம் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும். "பேப்பருக்கு எழுதுறது வேற, நம்புறது வேற" என்பார்கள். சில வருடங்களுக்கு முன் எனது உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி பரீட்சை முடிந்து வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மாமா, கூர்ப்புப் பாடத்துக் கேள்விக்கு முழுசா விடை எழுதினன். எழுதி முடிச்சிட்டு மனசுக்குள்ள அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கிட்டன். அது பிழையா மாமா?"

அவள் இப்போது வைத்தியராகிவிட்டாள். அன்று நான் சிரித்துச் சமாளித்தேன். "பரீட்சைக்குத்தானே மகள், அல்லாஹ் மன்னிப்பான்" என்று சொன்னதாக ஞாபகம். யோசித்துப் பார்த்தால் அது ஒரு பதிலே அல்ல. அவள் பாவம் செய்தாள் என்பதை நானும் சேர்ந்து ஒப்புக்கொண்டது போலத்தான் ஆகிவிட்டது. இந்தக் கேள்வி நமது சமூகத்துக்குப் புதியதா, நமது உலமாக்கள் இதற்கு முன் இதனைச் சந்திக்கவே இல்லையா என்று பின்னர் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே வைக்கிறேன்.

கூர்ப்பு என்பது நமது பாடநூல்களின் சொல். தமிழ்நாட்டார் பரிணாமம் என்பார்கள். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுகின்றன, இன்றுள்ள இனங்கள் முன்பிருந்த பொதுவான மூதாதையரிலிருந்து கிளைத்தவை என்பதே அதன் சாரம். இந்த மாற்றம் நடக்கும் பிரதான வழியாக இயற்கைத் தேர்வை சார்ள்ஸ் டார்வின் 1859 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

1882: ஒரு வருடம், பல வாசல்கள்

நமது நாட்டிலிருந்தே தொடங்கலாம். ஜேர்மனியில் டார்வினின் கொள்கையை முழங்கிய ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881 இன் இறுதியில் இலங்கைக்கு வந்தார். முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வெலிகமையில் தங்கிக் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்தார். கூர்ப்பு மதத்தின் கதையை முடித்துவிடும் என்று எண்ணியவர் அவர். அவர் நாடு திரும்பிய அதே 1882 இன் டிசம்பரில், கண்டியில் எம்.சீ. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதம், 1883 ஜனவரியில், எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடித் தோற்ற அறபி பாஷாவும் தோழர்களும் கொழும்பில் இறக்கப்பட்டார்கள். அவர் 1901 வரை இங்கிருந்தார். 1892 இல் கொழும்பில் பின்னாளைய ஸாஹிராவுக்கு வித்திட்ட மத்றஸா திறக்கப்பட்டபோது சித்திலெப்பையும் அறபி பாஷாவும் அங்கே நின்றார்கள். இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதை.

நாம் அதிகம் பேசாத பாதி ஒன்று உண்டு. அறபி பாஷாவை இலங்கைக்குத் தள்ளிய அதே எழுச்சிதான் ஷெய்க் முஹம்மத் அப்துஹுவையும் நாடுகடத்தியது. அவர் பெய்ரூத் போய்ச் சேர்ந்தார். அந்த நகரத்தில் அப்போது கூர்ப்பு பற்றிய சண்டை சூடாக இருந்தது. 1882 ஜூலையில், அங்கிருந்த அமெரிக்க மிஷனரிகளின் கல்லூரியில் எட்வின் லூயிஸ் என்ற ஆசிரியர் பட்டமளிப்பு உரையில் டார்வினை மெச்சிப் பேசினார். அதற்காக அவர் பதவி விலக நேர்ந்தது. மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள், ஆசிரியர்கள் சிலரும் வெளியேறினார்கள். அறபுலகில் டார்வினுக்காக நடந்த அந்தப் பெரிய சண்டை கிறிஸ்தவ மிஷனரிகளுக்குள் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வி முஸ்லிம்களுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல.

அடுத்து 1884 இல் ஷிப்லி ஷுமைய்யில் என்ற வைத்தியர் டார்வினியம் பற்றிய ஒரு நூலை அறபுக்குக் கொண்டுவந்தார். அது டார்வின் எழுதியதன்று. லுட்விக் பூஹ்னர் என்ற ஜேர்மன் சடவாதியின் விளக்கவுரை. டார்வினின் சொந்த நூல் அறபில் வரத் தொடங்கியது 1918 இல்தான், அதுவும் ஆரம்ப அத்தியாயங்கள் மட்டும். ஆக, அறபு வாசகரின் கைக்கு டார்வினுக்கு முன்னாலேயே "படைத்தவன் இல்லை" என்ற முடிவுரை வந்து சேர்ந்துவிட்டது. உயிரினம் மாறுகிறது என்ற விஞ்ஞானமும், இறைவன் இல்லை என்ற தத்துவமும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு வந்தன. அந்தப் பொட்டலத்தை யார் எப்படிப் பிரித்தார்கள் என்பதே இந்த வரலாற்றின் உயிர்நாடி.

ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி பிரிக்கவில்லை. ஹைதராபாத்தில் இருந்தபோது பாரசீகத்தில் அவர் எழுதிய சடவாத மறுப்பு டார்வினையும் சேர்த்துக் கிண்டலடித்தது. அதனை 1886 இல் பெய்ரூத்தில் அறபில் வெளியிட்டவர் அப்துஹுதான். ஆனால் ஆப்கானியின் பேச்சுகள் எனப் பிற்காலத்தில் அவருடைய நண்பர் பதிவுசெய்தவற்றில் குரல் தணிந்திருக்கிறது. இனங்களின் மாற்றத்தை அவர் அங்கே அவ்வளவாக எதிர்க்கவில்லை. உயிரின் தோற்றத்திலிருந்து படைத்தவனை நீக்குவதையே எதிர்த்தார்.

திரிப்போலி ஷெய்க் வைத்த விதி

பொட்டலத்தைப் பிரித்தவர் வேறொருவர். லெபனானின் திரிப்போலியைச் சேர்ந்த ஷெய்க் ஹுஸைன் அல்-ஜிஸ்ர் அல்-அஸ்ஹரில் ஓதியவர். மார்க்கக் கல்வியோடு நவீன பாடங்களையும் கற்பித்த பாடசாலையொன்றைச் சொந்த ஊரில் நடத்தியவர். 1888 இல் வெளியான அவருடைய 'அர்-ரிஸாலா அல்-ஹமீதிய்யா' உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் பெயரால் அமைந்தது. சுல்தானின் பாராட்டையும் பெற்றது. அதாவது ஓரத்தில் நின்ற ஒரு கலகக்காரரின் நூலல்ல இது.

ஜிஸ்ர் சடவாதிகளை விடவில்லை, பக்கம் பக்கமாக மறுத்தார். ஆனால் கூர்ப்பு பற்றி வந்தபோது ஓர் ஆலிமுக்குரிய நிதானத்தோடு மூன்று படிகளில் பேசினார். முதலாவது, எல்லாவற்றையும் படைத்தவன் அல்லாஹ் என்பது மாறாத அகீதா. இரண்டாவது, உயிரினங்களை அவன் ஒரே தடவையில் படைத்தானா, படிப்படியாகப் படைத்தானா என்று குர்ஆன் விரித்துரைக்கவில்லை. இரண்டுமே அவனுடைய குத்றத்துக்கு உட்பட்டவை. மூன்றாவது, டார்வின்வாதிகள் காட்டும் ஆதாரம் இப்போது ஊகத்தின் அளவில்தான் இருக்கிறது. வெளிப்படையான கருத்தை ஊகத்துக்காக விடமாட்டோம். உறுதியான ஆதாரம் ஒருநாள் வருமானால், வசனங்களுக்கு அதனோடு பொருந்தும்படி தஃவீல் செய்வது நமது கடமையாகும்.

மனிதப் படைப்பு விடயத்தில் அவர் நேரடிப் பொருளோடுதான் நின்றார். என்றாலும் அவர் வைத்த விதி முக்கியமானது: கதவைப் பூட்டவில்லை, திறந்துபோட்டுவிட்டு ஓடவுமில்லை. ஆதாரத்தை எடைபோட ஒரு தராசை வாசலில் வைத்தார்.

இந்த விதி அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இமாம் கஸ்ஸாலி (றஹ்) தமது 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையிலேயே இதற்கு அடித்தளம் போட்டிருந்தார். தத்துவவாதிகளை மறுக்க எழுதிய நூல் அது. ஆனால் கிரகணக் கணக்கைப் பற்றிச் சொல்லும்போது இமாம் எச்சரிக்கிறார்: இதை மறுப்பதுதான் மார்க்கப்பற்று என்று நினைப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான். கணக்குத் தெரிந்தவனிடம் "இது மார்க்கத்துக்கு விரோதம்" என்று சொன்னால் அவன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான். முறை தெரியாமல் மார்க்கத்துக்கு உதவப் போகிறவனால் வரும் சேதம், முறையோடு அதனைத் தாக்குபவனால் வரும் சேதத்தைவிடப் பெரியது என்பது அவருடைய தீர்ப்பு. எங்கட மத்றஸாக்களில் கஸ்ஸாலி இமாமின் பெயரைச் சொல்லாத நாளில்லை. இந்த ஒரு பந்தியை எத்தனை பேர் பாடமாக நடத்துகிறோம்?

ஜிஸ்ரிடம் ஓதியவர்களில் ஒருவர் ரஷீத் ரிழா. அவர் கெய்ரோ சென்று 1898 இல் 'அல்-மனார்' சஞ்சிகையைத் தொடங்கினார். அடுத்த வருடம் எகிப்தின் முஃப்தியானார் அப்துஹு. ஆப்கானியின் மறுப்பை அறபில் தந்த அதே அப்துஹு, முஃப்தியாக இருந்து நடத்திய தஃப்ஸீர் பாடங்களில் வேறொரு தொனியில் பேசினார். ஸூறத்துந் நிஸாவின் முதல் வசனத்தில் வரும் 'ஒரே ஆன்மா' ஆதம் (அலை) அவர்களைத்தான் குறிக்கிறது என்று அந்த வசனமே திட்டமாகச் சொல்லவில்லை என்றார். ஆகவே மனித குலத்தின் தோற்றம் பற்றி ஆய்வு எதைக் கண்டாலும் குர்ஆனுக்குச் சேதமில்லை என்பது அவர் கருத்து. ஸூறத்துல் பகறாவின் 251ஆம் வசனத்தின் விளக்கத்தில் வாழ்வுக்கான போராட்டத்தையும் தக்கது நிலைப்பதையும் அல்லாஹ்வின் நியதிகளில் ஒன்றாகவே எடுத்துப் பேசுகிறது மனார் தஃப்ஸீர். இவற்றை எல்லா உலமாக்களும் ஏற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாட்டின் முஃப்தி, பாடம் நடத்தும் இடத்தில், பயமில்லாமல் இதைப் பேச முடிந்தது என்பதே விடயம்.

சென்னையிலிருந்து கல்முனைக்கு

இந்தச் சிந்தனை தமிழ்ப் பேசும் நிலத்தின் பக்கம் வந்தது 1929 ஜனவரியில். அல்லாமா இக்பால், செட் ஜமால் முஹம்மதின் ஆதரவோடு இயங்கிய சங்கத்தின் அழைப்பில் சென்னைக்கு வந்து உரையாற்றினார். சென்னையில் தொடங்கிய அந்த உரைத்தொடர் ஹைதராபாத், அலிகார் என்று நீண்டு 1930 இல் நூலானது. குர்ஆனில் ஆதம் என்ற பெயர் ஒரு தனி மனிதரைவிட மனிதன் என்ற கருத்தையே பெரிதும் சுட்டுகிறது என்றார் இக்பால். அந்தத் தொடரிலேயே அல்-ஜாஹிஸ், இப்னு மிஸ்கவைஹி, மௌலானா ரூமி ஆகியோரைக் காட்டி, உயிரின் படிநிலை வளர்ச்சி முஸ்லிம் சிந்தனைக்கு அந்நியமானதல்ல என்றார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. "டார்வினுக்கு ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நம்மட ஆக்கள் சொல்லிட்டாங்க" என்று மேடையில் முழங்குவது எளிது, கைதட்டும் கிடைக்கும். ஆனால் கனிமம், தாவரம், விலங்கு, குரங்கு, மனிதன் என்று இப்னு கல்தூன் 'முகத்திமா'வில் அடுக்கியது படைப்பின் ஏணியை. ஒரு படியின் உச்சம் அடுத்த படியின் தொடக்கத்தைத் தொடுகிறது என்பது அவருடைய கருத்து. பொதுவான மூதாதையர், இயற்கைத் தேர்வு என்பவை வேறு விடயங்கள். முன்னோரின் பெருமை அவர்கள் டார்வினாக இருந்ததில் இல்லை. இப்படியெல்லாம் யோசித்ததற்காக அவர்களைக் காஃபிர் என்று யாரும் தெருவில் துரத்தவில்லை என்பதில்தான் இருக்கிறது.

இக்பாலின் குரல் எங்கட கரைக்கு வந்த பாதையில் ஏ.எம்.ஏ. அஸீஸ் நிற்கிறார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமான அவர், யுத்தகாலத்தில் 1942 இல் கல்முனையில் திறக்கப்பட்ட அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். வந்த வேலை உணவு உற்பத்தி. வயலைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அந்தக் காலத்தில் உருவானதே. 1945 இல் தொடங்கிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதிக்கான விதை இங்கேதான் விழுந்தது. இக்காலத்தில் அவர் பழகியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர், பின்னர் 'இக்பால் இதயம்' எழுதிய காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. மற்றவர், பக்கத்து ஊர் காரைதீவின் சுவாமி விபுலானந்தர். சுவாமி லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர், தமிழில் கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்னின்றவர். காவி உடுத்த ஒருவர் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல வழி தேடியதை நமது கரை அந்த நாளிலேயே கண்டிருக்கிறது.

அஸீஸ் கூர்ப்பைப் பிரசாரம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. மார்க்கமும் நவீன கல்வியும் ஒரே பிள்ளையின் இரண்டு கைகள் என்ற எண்ணத்தை இங்கே ஊன்றியவர்களில் அவர் முதன்மையானவர். கல்முனை ஸாஹிராவின் விஞ்ஞானப் பிரிவிலிருந்து இன்று வருடாவருடம் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வெளியேறுவதற்குப் பின்னால் அந்த எண்ணம் இருக்கிறது.

மறுப்பு முந்திக்கொண்டது

பிறகு என்ன நடந்தது? விஞ்ஞானப் பிரிவு வளர்ந்தது, மத்றஸாக்களும் வளர்ந்தன. இரண்டுக்கும் இடையிலிருந்த பேச்சு வளரவில்லை. அந்த இடைவெளியில் இரண்டாயிரமாம் ஆண்டுகளில் ஹாரூன் யஹ்யா என்ற பெயரில் துருக்கியின் அத்னான் ஒக்தார் வெளியிட்ட படம் நிறைந்த நூல்களும் வீடியோக்களும் வந்து நிறைந்தன. உயிர்ச்சுவடுகளின் படங்களைப் போட்டு, கூர்ப்பு ஒரு மோசடி என்றன அவை. அன்று அறபுலகில் டார்வினுக்கு முன் பூஹ்னர் வந்தார். எங்கட ஊரில் கூர்ப்பு என்றால் என்னவென்று பிள்ளை விளங்குவதற்கு முன்னமே மறுப்பு வந்துவிட்டது. பொட்டலம் அதேதான், கட்டியவர் மட்டும் வேறு: கூர்ப்பை ஏற்றால் நாஸ்திகம் என்பதில் பூஹ்னரும் ஒக்தாரும் ஒரே கட்சி. ஒக்தார் பின்னர் தன் நாட்டிலேயே பாலியல் குற்றங்கள் உட்பட்ட பல குற்றச்சாட்டுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் விதைத்த பயம் மட்டும் இங்கே தங்கிவிட்டது.

இதற்கிடையில் ஆதாரம் ஜிஸ்ரின் காலத்தில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மனிதன் இன்றிருக்கும் குரங்கிலிருந்து வந்தான் என்று விஞ்ஞானம் சொல்வதில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையர் இருந்தது என்கிறது. பெருங்குரங்குகளுக்கு 48 நிறமூர்த்தங்கள், மனிதனுக்கு 46. இரண்டு நிறமூர்த்தங்கள் ஒட்டிக்கொண்ட தழும்பு மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. நமது நாட்டின் பாகியங்கலைக் குகையிலேயே நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இவ்வளவும் வேண்டாம், வயலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அறக்கொட்டியானுக்கு அது பிறகு வேலை செய்யாது. மருந்துக்குத் தப்பியவை பெருகுகின்றன, அடுத்த தலைமுறை அந்தத் தப்பும் குணத்தோடு பிறக்கிறது. "இப்ப மருந்து ஏறுதில்ல தம்பி" என்று சம்மாந்துறை விவசாயி சொல்வது, பெயர் சொல்லாமல் இயற்கைத் தேர்வைத்தான்.

இன்றைய உலமாக்களின் நிலை

இன்று உலகளவில் இதை ஆராயும் முஸ்லிம் அறிஞர்களிடையே பல நிலைப்பாடுகள் உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஷெய்க் நூஹ் கெல்லர் 1995 இல் எழுதிய பதிலில், மற்ற உயிரினங்கள் மாறி வந்தன என்று நம்புவது, அல்லாஹ்வே அதைச் செய்கிறான் என்று கொள்ளும்வரை குஃப்ர் ஆகாது என்றார். மனிதன் மனிதனல்லாத இனத்திலிருந்து வந்தான் என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. இன்னொரு பக்கம், மனிதன் உட்பட முழுக் கூர்ப்பையும் ஏற்று வசனங்களுக்கு விளக்கம் சொல்வோர் உண்டு. அல்ஜீரியரான வானியலாளர் நிழால் கஸ்ஸூம் அவர்களில் பிரபலமானவர்.

நடுவில் நிற்பது டேவிட் சொலமன் ஜலாஜல் முன்வைத்த கருத்து. ஆதம் (அலை) அவர்களைத் தாய் தந்தையின்றி அல்லாஹ் படைத்தது வஹீயால் அறியப்பட்ட ஓர் அற்புதம். அதனை ஆய்வுகூடத்தால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மற்ற உயிரினங்களைப் பற்றியோ, ஆதத்துக்கு அப்பால் பூமியில் எவை இருந்தன என்பது பற்றியோ வஹீ மௌனமாக இருக்கிறது. வஹீ மௌனமான இடத்தில் நாமும் தவக்குஃப், அதாவது முடிவு கூறாது நிற்பது, செய்ய வேண்டும். அங்கே விஞ்ஞானம் தன் வேலையைச் செய்யட்டும். ஷுஐப் மலிக் 2021 இல் வெளியிட்ட நூல் இதே கேள்வியை கஸ்ஸாலி இமாமின் கலாம் சட்டகத்துக்குள் வைத்து ஆராய்கிறது. ஜிஸ்ர் வாசலில் வைத்த தராசு இன்னும் பாவனையில் இருக்கிறது என்று பொருள்.

எல்லா இடத்திலும் இந்தப் பேச்சு சுமுகமாக நடக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. லண்டன் லெய்ட்டன் பள்ளிவாசலில் இமாமாக இருந்த உஸாமா ஹஸன் கூர்ப்பைப் பற்றிப் பேசியதற்காக 2011 இல் கொலை மிரட்டலைச் சந்தித்தார். 1888 இல் சுல்தானின் பெயரால் வெளிவந்த நூலில் எழுத முடிந்ததை, 2011 இல் லண்டன் பள்ளிவாசலில் பேச முடியவில்லை. நாம் முன்னேறினோமா, பின்னுக்குப் போனோமா?

அந்தப் பிள்ளைக்கு

எங்கட கரையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இஸ்லாமியக் கற்கைகள் பீடம் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். நடுவில் வயல்வெளி. ஒரே பல்கலைக்கழகத்தின் இந்த இரு பீடத்தாரும், அறபுக் கல்லூரி உஸ்தாதுமாரும், உயர்தர உயிரியல் ஆசிரியர்களும் ஒரு நாள் ஒரு மேசையில் உட்கார்ந்து இந்த ஒரு பாடத்தைப் பேசினால் போதும். ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்பதில்லை. ஜும்ஆ மேடையில் "குரங்குக் கதை" என்று எள்ளி நகையாடுவதை நிறுத்தி, இதில் ஆலிம்களுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு, எது அகீதா, எது ஆராய்ச்சி என்று பிரித்துச் சொன்னாலே பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும். இரண்டு முகத்தோடு வாழப் பழகும் பிள்ளை ஒருநாள் ஒரு முகத்தைக் கழற்றி வைத்துவிடும். எது கழலும் என்று நமக்குத் தெரியாது. இமாம் கஸ்ஸாலி பயந்தது அதற்குத்தான்.

அன்று சொல்லத் தெரியாத பதிலை இப்போது சொல்கிறேன் மகள். நீ விளங்கி எழுதிய விடைக்குத் தவ்பா தேவையில்லை. பூமியில் பயணித்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி ஸூறத்துல் அன்கபூத் நம்மை ஏவுகிறது. நீ பார்த்தாய். பார்த்ததை எழுதினாய். படைத்தவன் யார் என்பதில் உனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எப்படிப் படைத்தான் என்பதில் தேட இன்னும் நிறைய இருக்கிறது. அஸ்தஃபிருல்லாஹ் நான் சொல்லியிருக்க வேண்டியது, உன் கேள்வியைச் சிரித்துச் சமாளித்ததற்காக.